பழவேற்காட்டுப் படகுக்கு ஒரு முறை வேண்டும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் பார்ப்பவருக்கு, விடுமுறை நாளில் குடும்பத்தோடு போய்வர அருகில் இருக்கும் பெரிய நீர்ப்பரப்பு பழவேற்காடு ஏரிதான். டச்சுக்காரர்களின் கல்லறையைப் பார்த்து, வறுத்த மீனும் சாப்பிட்டு முடித்த பிறகு ஓர் ஆசை மிச்சமிருக்கும்: படகேறி முகத்துவாரம் வரை போய்வர வேண்டும். அந்த ஆசைக்கு அரசு சொல்லும் பதில், தடை. கரையில் கிடைக்கும் பதில், பேரம் படிந்தால் சவாரி. எழுத்தில் இல்லாத படகுக்கு எத்தனை பேரை ஏற்றலாம் என்ற கணக்கும் இருக்காது, திரும்பி வந்தார்களா என்று பார்க்கும் ஆளும் இருக்கமாட்டார்.

இதற்குக் கொடுத்த விலையை கும்மிடிப்பூண்டி மறந்திருக்காது. 2011 டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு பழவேற்காடு வந்த உறவினர்கள் மீன்பிடிப் படகொன்றில் ஏறிச் சென்றார்கள். படகு கவிழ்ந்ததில் குழந்தைகள் உட்பட 22 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் கும்மிடிப்பூண்டிப் பகுதியைச் சேர்ந்தவர்கள். அவர்கள் உடலில் உயிர்காப்பு அங்கி இல்லை. அதன்பின் சுற்றுலாப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. அந்த நேரத்தில் அது சரியான முடிவு. ஆனால் அவசரத்துக்குப் போட்ட கட்டே நிரந்தர மருத்துவமாகிவிட்டது.

சிறுகப்பல், நதிப் பயணம் பற்றிய பேச்சு இப்போது நாடெங்கும் பெரிதாகியிருக்கிறது. 2023 ஜனவரி 13 அன்று வாராணசியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘கங்கா விலாஸ்’, 51 நாட்களில் சுமார் 3,200 கிலோமீட்டர் கடந்து அசாமின் திப்ரூகர் வரை செல்லும் கப்பல். 18 அறைகள், 36 பயணிகள். அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு ‘செரியாபாணி’ புறப்பட்டது. உள்நாட்டுப் போரால் 1980-களில் அறுந்துபோன ஓர் உறவு, 150 பேர் அமரும் கப்பலில் மீண்டும் தொடங்கியது. பாஸ்போர்ட், பயணச்சீட்டு, பயணிகள் பட்டியல், வானிலை பார்த்துப் பயணத்தை நிறுத்தும் அதிகாரம் எல்லாம் அங்கே உண்டு. பத்துப் பேர் ஏறும் ஃபைபர் போட்டுக்கு இவற்றில் ஒன்றுகூட இல்லை. கப்பல் சிறுத்தால் விதியும் சிறுக்கலாம் என்ற எண்ணம்தான் ஆபத்தின் வேர்.

கேரளமும் ஆந்திரமும் இந்தப் பாடத்தை உயிர்களைக் கொடுத்துப் படித்தன. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்ற இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். கரையில் விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டது அன்று முதன்மையாகப் பேசப்பட்ட காரணம். அது அரசுச் சுற்றுலாக் கழகத்தின் படகு என்பதையும் மறக்கக் கூடாது. 2019 செப்டம்பர் 15 அன்று பாபிகொண்டலு மலைகளைக் காணப் புறப்பட்ட ‘ராயல் வசிஷ்டா’, வெள்ளம் ஓடிய கோதாவரியில் கச்சுலூரு அருகே மூழ்கியது. 2023 மே 7 அன்று மலப்புறம் மாவட்டத்துத் தானூரில், மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டிய சுற்றுலாப் படகு, அளவுக்கு மீறிய கூட்டத்தோடு இருட்டிய பின் புறப்பட்டுக் கவிழ்ந்தது. அங்கும் 22 பேர்.

நான்கு விபத்துகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் காரணங்கள் சலிப்பூட்டும் அளவுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன. மீன் ஏற்றக் கட்டிய படகில் மனிதர்களை ஏற்றுவது. மேலே பாரம் கூடியதால் நிலைகுலைவது. புறப்படக் கூடாத நேரத்தில் புறப்படுவது. ‘இன்று போகாதே’ என்று சொல்ல யாருக்கும் அதிகாரமோ அக்கறையோ இல்லாமல் போவது. இவற்றில் எதையும் இயற்கைச் சீற்றம் என்று தள்ளிவிட முடியாது.

பழவேற்காட்டுக்கென்று தனி ஆபத்தும் உண்டு. ஏரி பரந்தது, ஆனால் ஆழமற்றது. பல இடங்களில் ஆள் நின்றால் இடுப்பளவு நீர்தான். இந்த நம்பிக்கையோடுதான் மக்கள் படகேறுகிறார்கள். முகத்துவாரத்தின் கதை வேறு. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்று நீரும் மற்ற ஓடைகளின் நீரும் ஏரியை நிரப்ப, வற்றம் இறங்கும்போது அத்தனை நீரும் குறுகிய வாய் வழியே கடலுக்குப் பாய்கிறது. எதிரே கடலலை வந்து மோதுகிறது. ஓட்டமும் அலையும் எதிரெதிராகச் சந்திக்கும் இடத்தில் அலை செங்குத்தாக எழும். மணல்திட்டோ மாதத்துக்கு மாதம் இடம் மாறும். அந்த ஊர் மீனவருக்கு இது தெரியும். ஆனால் அவர் தனியாக வலையோடு போகும் படகும், முன்பின் நீர் பழகாத இருபது பேரோடு போகும் படகும் ஒன்றல்ல. படகு சாயும்போது மீன் கூடை எழுந்து நிற்காது. மனிதர்கள் எழுந்து நிற்பார்கள்.

அப்படியானால் தடையே நல்லதில்லையா என்று கேட்கலாம். தடையால் படகுகள் நின்றிருந்தால் அந்த வாதத்துக்கு வலு இருக்கும். விடுமுறை நாட்களில் திருட்டுத்தனமாகச் சவாரி நடப்பது அவ்வப்போது செய்தியாகிறது. திருட்டுச் சவாரியில் அங்கி கேட்க முடியாது, அதிகக் கூட்டத்தைப் பற்றிப் புகார் சொல்ல முடியாது. பார்வைக்குத் தப்ப ஓரமான துறையிலிருந்து படகு கிளம்பும். ஏரியின் பெரும்பகுதியைத் தன்னிடம் வைத்திருக்கும் ஆந்திரமோ, சூலூர்ப்பேட்டையில் பூநாரைத் திருவிழா நடத்தும்போது பீமுலவாரிபாளையத்தில் படகுச் சவாரியும் வைக்கிறது. கோதாவரி விபத்துக்குப் பின் படகுத் துறைகளுக்கென்று 9 கட்டுப்பாட்டு அறைகளை அமைத்து, அதன்பின்தான் பாபிகொண்டலு பயணத்தை அந்த மாநிலம் மீண்டும் திறந்தது. விபத்துக்குப் பிறகு மூடுவதும், ஒழுங்குபடுத்தித் திறப்பதும் ஒரே பொறுப்பின் இரண்டு பாதிகள். நாம் முதல் பாதியோடு நின்றுவிட்டோம்.

சட்டம் இல்லை என்றும் சொல்ல முடியாது. 1917-இல் வந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக உள்நாட்டுக் கலங்கள் சட்டம் 2021-இல் நிறைவேறியது. பதிவு, தகுதி ஆய்வு, ஓட்டுநரின் தகுதிச் சான்று, காப்பீடு, விபத்து விசாரணை எல்லாம் அதில் உண்டு. எஞ்சின் இல்லாத படகுகளுக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது. உள்ளாட்சி அமைப்புகளிடம் பொறுப்பை ஒப்படைக்கவும் வழி உண்டு. தமிழகப் பகுதி ஏரி 1980 முதல் பறவைகள் சரணாலயம் என்பதால் வனத் துறையின் அனுமதியும் தேவை. மீன்வளம், சுற்றுலா, வனம், வருவாய், காவல் என்று ஐந்து துறைகளின் கைகளும் படும் இடத்தில் எந்தக் கையும் பிடிப்பதில்லை. முதலில் வேண்டியது ஒரே பொறுப்பதிகாரி.

இரண்டாவது தேவை பழவேற்காட்டிலேயே இருக்கிறது. இங்குள்ள மீனவ ஊர்களில் ‘பாடு’ முறை தலைமுறைகளாக உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் சுத்து வலை கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நல்ல இடம் ஒருவருக்கே போய்விடாமல் காக்கும் ஏற்பாடு அது. சுற்றுலாப் படகுகளில் அதிக ஆள் ஏற்றுவது எதனால்? கூட்டம் வருவது வாரத்தில் ஒரு நாள், அதிலும் சில மணி நேரம். அதற்குள் அடுத்த படகுக்காரரை முந்திச் சம்பாதித்தாக வேண்டும். சவாரியை முறை வைத்து, கட்டணத்தை ஒரே கவுண்டரில் வாங்கி, பிரித்துக் கொடுத்தால் அந்தப் போட்டியே இல்லாமல் போகும். கூடுதலாக ஓர் ஆளை ஏற்றுவதால் படகுக்காரருக்கு லாபம் கிடையாது என்று ஆக்கிவிட்டால், அதைத் தடுக்க லத்தி தேவையில்லை.

பாடு முறைக்கு ஒரு குறையும் உண்டு. அது எல்லாச் சமூகத்தாருக்கும் சமமாகத் திறந்திருந்ததில்லை. தலித் மீனவர்களும் இருளர்களும் அந்த உரிமைக்கு வெளியே நின்ற வரலாறு இந்த ஏரிக்கு உண்டு. புதிதாக ஒரு கூட்டுறவு அமைத்தால் அந்தக் கோட்டை அழித்துவிட்டுத்தான் அமைக்க வேண்டும்.

படகுகளும் இடத்துக்கு ஏற்றவையாக இருக்க வேண்டும். கங்கா விலாஸ் மிதக்கவே 1.4 மீட்டர் நீர் வேண்டும். அத்தகைய கப்பலை இங்கே கனவு காண்பவர்கள் ஏரியைத் தோண்டச் சொல்வார்கள்; தோண்டினால் இறாலும் போகும், பூநாரையும் போகும். பழவேற்காட்டுக்கு வேண்டியது தட்டையான அடிப்பாகமும் தாழ்ந்த இருக்கையும் கொண்ட, ஒற்றைத் தளப் படகு. முகத்துவாரத்தை விட்டுத் தள்ளி, ஏரிக்குள்ளேயே கொடியிட்ட பாதை. காலையில் தொடங்கி, பிற்பகலில் கடற்காற்று வலுக்கும் முன் முடியும் நேரம். வேறு எதற்கும் இடமில்லை.

தமிழனுக்குப் படகுப் பயணம் புதிதும் அல்ல. ஆங்கிலேயர் ஆட்சியில் 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூருக்கு வெட்டத் தொடங்கிய கால்வாய் பின்னர் பழவேற்காடு வரை நீண்டது. 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பிறகு அது பக்கிங்ஹாம் கால்வாய் ஆனது. விறகும் உப்பும் கிளிஞ்சலும் அதில் வந்தன. பாரதிதாசன் அதே கால்வாயில் மாமல்லபுரம் போன பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்று பாடினார். 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது தேசிய நீர்வழி எண் 4-இன் பகுதி. சட்டத்தில் நீர்வழி, நேரில் பல இடங்களில் சாக்கடை. பெரிய நீர்வழித் திட்டங்கள் வரட்டும் என்று காத்திருந்தால் பழவேற்காட்டுக்காரர்களின் அடுத்த தலைமுறையும் காத்துக்கொண்டிருக்கும்.

அதுவரை படகேறுபவர்கள் செய்யக்கூடியவை சில. படகில் எத்தனை பேருக்கு அனுமதி என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். எழுதாத படகில் ஏறாதீர்கள். அங்கி இருக்கைக்கு அடியில் இருந்தால் பயனில்லை, வார் கட்டி உடலில் இருக்க வேண்டும். குழந்தைக்குக் குழந்தை அளவில். பறவையைக் காட்டினாலும் எல்லோரும் ஒரே பக்கம் எழாதீர்கள். பொழுது சாய்ந்தபின் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் மறுத்துவிடுங்கள்.

ஆனால் பயணியின் எச்சரிக்கை அரசின் கடமைக்கு ஈடாகாது. ஒரு பொறுப்பதிகாரி, பதிவு பெற்ற சில படகுகள், ஒரு கவுண்டர், ஒரு மீட்புப் படகு, மீனவக் கூட்டுறவு: இதற்குக் கோடிகள் வேண்டாம். அடுத்த பூநாரைப் பருவத்துக்குள் திருவள்ளூர் மாவட்ட நிர்வாகம் இதைச் செய்து காட்டலாம். செய்யாவிட்டால், தடை உத்தரவு கோப்பில் பத்திரமாக இருக்கும். படகுகள் தண்ணீரில் இருக்கும்.