ஸ்லைடைப் படிச்சுக் காட்டினா அது செமினாரா?

இறுதியாண்டு புராஜெக்ட் ரிவ்யூ. மாணவர் திரையைப் பார்த்துத் திரும்பி நின்று, அதில் இருப்பதை வரி வரியாக வாசிக்கிறார். கடைசி பெஞ்ச் மொபைலில் மூழ்கியிருக்கிறது. ‘தேங்க் யூ’ ஸ்லைடு வந்ததும் கைதட்டல். அடுத்த டீம்!

போர் அடிக்குது, அவ்வளவுதானே என்று விட்டுவிட முடியாது. சொல்ல வேண்டிய விஷயத்தையே ஸ்லைடு மறைத்துவிடும். கொலம்பியா விண்கலத்தின் கதை அதைத்தான் காட்டுகிறது.

2003 ஜனவரி 16-ல் கொலம்பியா கிளம்பிய சுமார் 82 விநாடிகளில், எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத் துண்டு ஒன்று இடது இறக்கையில் மோதியது. திரும்பி வரும்போது ஆபத்து வருமா என்று ஆராய்ந்த பொறியாளர்கள், நாசாவுக்கு ஸ்லைடு போட்டு விளக்கினார்கள். முக்கியமான ஸ்லைடின் தலைப்பைப் படித்தால், பயப்பட ஒன்றுமில்லை என்றே தோன்றும். உண்மை இருந்தது அடியில், கடைசி வரியில். சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம். இங்கே கணக்கில் வந்ததோ 1,920. அதாவது, 640 மடங்கு!

பிப்ரவரி 1-ம் தேதி பூமிக்குத் திரும்பும்போது கொலம்பியா சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் உயிரிழந்தார்கள். விபத்துக்குக் காரணம் இறக்கையில் விழுந்த ஓட்டைதான், ஸ்லைடு அல்ல. ஆனாலும், எட்வர்ட் டஃப்டி என்ற வல்லுநர் அந்த ஸ்லைடை அலசியதை விசாரணைக் குழு தன் அறிக்கையிலேயே சேர்த்தது. முழுமையான தொழில்நுட்ப அறிக்கை எழுதாமல் ஸ்லைடோடு நிறுத்திக்கொள்ளும் பழக்கத்தையும் கண்டித்தது.

நம் வகுப்பறைகளில் ஃபான்ட் சைஸ், கலர், அனிமேஷன் எல்லாம் சொல்லித் தருகிறார்கள். தலைப்பு எழுதத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை. ‘ரிசல்ட்ஸ்’ என்று போட்டால் எதுவும் தெரியாது. ‘மழை நாளில் எங்கள் சென்சார் தப்பாகக் காட்டுகிறது’ என்று முழு வாக்கியமாகப் போட்டால், மாணவரால் எதையும் ஒளிக்க முடியாது. கீழே ஒரு கிராஃப் போதும். பத்தி பத்தியாக எழுத்து இருந்தால், கேட்பவர் படிப்பாரா, கேட்பாரா? இரண்டையும் சேர்த்துச் செய்ய மூளை தடுமாறும். அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் ஆலி பல வருடங்களாக வலியுறுத்துவதும் இதைத்தான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்லைடைப் பார்த்து வாசிப்பது பல நேரம் சோம்பேறித்தனம் இல்லை, பயம். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வந்த மாணவருக்கு அந்த ஆங்கில வரிகள் ஊன்றுகோல் மாதிரி. அதைப் பிடுங்கிவிட்டு ‘கான்ஃபிடன்ட்டா பேசுப்பா’ என்றால் எப்படி? முதலில் தமிழிலேயே நண்பனிடம் விளக்கட்டும், பிறகு ஆங்கிலத்துக்குப் போகலாம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் தொடங்கிய போட்டியில், பிஎச்.டி. மாணவர்கள் தங்கள் பல வருட ஆய்வை 3 நிமிடத்தில், ஒரே ஒரு ஸ்லைடோடு சொல்ல வேண்டும். அனிமேஷன் கிடையாது. நம் கல்லூரிகளுக்கு இதற்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. அடுத்த ரிவ்யூவில் புரொஜெக்டரை 2 நிமிடம் அணைத்துவிட்டு, “இப்போ சொல்லுப்பா, என்ன கண்டுபிடிச்சீங்க?” என்று கேட்கலாம். மார்க்கில் பாதியை அந்த 2 நிமிடத்துக்கே வைக்கலாம்.