நடமாடும் மர அறுவை யந்திரம்: யாருக்கு, எதற்கு?

விவசாயி ஒருவர் தம் நிலத்தில் பதினைந்து, இருபது ஆண்டுகள் வளர்த்த மரத்தை விற்கும்போது, அதன் விலையை நிர்ணயிப்பவர் பெரும்பாலும் வியாபாரியே ஆவார். மரம் நின்ற நிலையிலேயே விலை பேசப்படுகிறது. வெட்டுக்கூலி, வண்டிச் சத்தம், ஆலைக்கூலி, கழிவு ஆகிய யாவற்றையும் மனக்கணக்கில் கழித்துக்கொண்ட பிறகே வியாபாரி தொகையைக் கூறுகிறார். அதே மரம் பலகையாகவும் சட்டமாகவும் மாறி நகரத்துக் கடையில் விற்கும் விலைக்கும், வளர்த்தவர் பெற்ற தொகைக்கும் உள்ள இடைவெளி பெரிது. அதில் ஒரு பகுதியையேனும் கிராமத்தில் நிறுத்திக்கொள்ள உதவும் சாதனமாக நடமாடும் பட்டை ரம்ப யந்திரம் சிபாரிசு செய்யப்படுகிறது.

அது பயனுள்ள யந்திரம் என்பதில் ஐயமில்லை. ஆயினும், அது எல்லோருக்கும் எல்லா இடத்திற்கும் ஏற்றது என்று கூறுவது பொருந்தாது. அதை வாங்க எண்ணுவோர், குதிரைச் சக்தி எவ்வளவு என்று விசாரிப்பதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை தேடிக்கொள்ள வேண்டும் என்பது எமது கருத்து. வாளைத் தீட்டுபவர் யார்? ஆண்டு முழுவதும் அறுக்க மரம் எங்கே? அறுப்பதற்கு அனுமதி உண்டா?

யந்திரத்தின் இயல்பு

பட்டை ரம்பம் புதிய கண்டுபிடிப்பு அன்று. 1808-ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். ஆனால், இரு முனைகளும் இணைக்கப்பட்ட மெல்லிய எஃகுப் பட்டை, சக்கரங்களின்மேல் அறுந்துபோகாமல் ஓடுவதற்கேற்ற எஃகும் இணைப்பு முறையும் அமைவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. பெரிய ஆலையில் மரம் ரம்பத்தை நோக்கி நகர்த்தப்படுகிறது. நடமாடும் யந்திரத்திலோ, மரம் அசையாமல் கிடக்க, ரம்பமே தண்டவாளத்தின்மேல் நகர்ந்து அறுத்துச் செல்கிறது. கனத்த தடியை நகர்த்தும் அமைப்பு தேவைப்படாமையால் யந்திரம் இலேசாக அமைகிறது. அதை டிராக்டரின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லலாம்.

இதன் முதன்மையான சிறப்பு, மரம் தூளாகி வீணாவது குறைவு என்பதே. 300 மில்லி மீட்டர் கனமுள்ள சதுரக் கட்டையை 25 மில்லி மீட்டர் பலகைகளாக அறுப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் அறுப்பிலும் 6 மில்லி மீட்டரைத் தூளாக்கும் வட்ட ரம்பத்தினால் 9 முழுப் பலகைகளே கிடைக்கும். 2 மில்லி மீட்டரை மட்டும் தூளாக்கும் மெல்லிய பட்டை ரம்பத்தினால் 11 பலகைகள் கிடைக்கும். மரத்திற்காகக் கொடுத்த பணம் ஒன்றே. கிடைத்த பலகைகளோ இரண்டு அதிகம். மலைப்பகுதிகளில் கையாளப்படும் சங்கிலி ரம்பத்தில் இழப்பு வட்ட ரம்பத்தைவிடவும் மிகுதி.

முதற் கேள்வி: வாளைத் தீட்டுபவர் யார்?

வாள் மெல்லியதாக இருப்பதே இதன் பலம், பலவீனமும் அதுவே. சிறு யந்திரங்களில் வாள் சுமார் 4 மீட்டர் நீளமும், 30 முதல் 40 மில்லி மீட்டர் அகலமும், ஏறத்தாழ ஒரு மில்லி மீட்டர் கனமும் உடையது. இரு சக்கரங்களின்மேல் ஓயாது வளைந்து நிமிர்வதால் எஃகு களைப்புறுகிறது. பல் மழுங்கிய வாளை மேலும் மேலும் அழுத்தி ஓட்டினால், வாள் நேர்கோட்டினின்றும் விலகி, பலகை அலை அலையாக அறுபடும். முடிவில் வாளே அறுந்துவிடும். ஆகவே, ஓரிரு மணி நேர வேலைக்குப் பிறகு வாளைக் கழற்றி, தீட்டிய வேறொன்றை மாட்டுவதே நல்ல பழக்கம்.

நம் நாட்டு மரங்கள் வாளுக்குக் கடுமையான சோதனை வைப்பவை. தேக்கிலும் தென்னையிலும் உள்ள மணற்சத்து பற்களைத் தேய்க்கிறது. வரப்பில் நின்ற மரத்தில் ஆணியும் வேலிக் கம்பியும் மறைந்திருக்கும். மண்ணில் இழுத்து வந்த தடியின் பட்டையில் மணல் ஒட்டியிருக்கும். தடியைக் கழுவுதல், பட்டையை உரித்தல், உலோகம் உண்டா என்று சோதித்தல் ஆகியவை வீண் வேலைகள் அல்ல.

பற்களைத் தீட்டுவதும், அவற்றை இருபுறமும் சமமாகச் சாய்ப்பதும் தனித் தொழில். பத்து வாள்கள், தீட்டும் சாணை, பற்களைச் சாய்க்கும் கருவி, இவற்றைக் கையாளப் பயின்ற ஒருவர் ஆகிய நான்கும் யந்திரத்தின் விலையோடு சேர்த்தே கணக்கிடப்பட வேண்டும். இவற்றிற்குப் பணம் போதாதெனில், பெரிய எஞ்சினைக் கைவிட்டுச் சிறிய எஞ்சினை வாங்குவதே விவேகம். வாளின் அளவு சந்தையில் எளிதில் கிடைப்பதா, தண்டவாளம் வளையாத உறுதியுடையதா, தடியைப் பிடிக்கும் கவ்விகள் திடமானவையா, வாள் அறுந்தால் அதைத் தடுத்து நிறுத்தும் மூடி உண்டா என்பவையே வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியவை. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்யும் இடத்தில் விரல்களுக்குப் பாதுகாப்பில்லை.

இரண்டாம் கேள்வி: மரம் எங்கே?

ஆண்டில் 30 நாள் மட்டும் ஓடும் யந்திரத்தின் வட்டியும் தேய்மானமும் அந்த 30 நாள் வேலையின்மீதே சுமத்தப்படும். 180 நாள் ஓடினால், ஒரு நாளுக்குரிய சுமை ஆறில் ஒரு பங்காகக் குறையும். ஒரு குடும்பத்தின் மரங்கள் இத்தனை நாள் வேலை தருவது அரிது. எனவே, உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ கூட்டுறவுச் சங்கமோ இதைச் சொந்தமாக்கிக்கொண்டு, கன அடிக்கு இவ்வளவு என்று கூலி பெற்று அறுத்துக் கொடுப்பதே பொருத்தமான ஏற்பாடு.

இடத்தையும் ஆராய வேண்டும். ஹரியானாவின் யமுனாநகர்ப் பகுதியில் பாப்ளர் மரம் ஒட்டுப்பலகைக்காகத் தகடாக உரிக்கப்படுகிறது. வாங்கும் ஆலைகளும் அருகிலேயே உள்ளன. அங்கு இந்த யந்திரத்திற்கு அதிக வேலை இராது. வண்டி செல்ல அரிதான மலைச்சரிவுகளிலும், குடகின் காப்பித் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கப்படும் சில்வர் ஓக் மரங்களுக்கிடையிலும் அதன் பயன் மிகுதி. அங்கே தடியைச் சுமப்பதைவிடப் பலகையைச் சுமப்பது எளிது.

மூன்றாம் கேள்வி: அனுமதி உண்டா?

1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் காடுகளைக் காக்கப் பிறப்பித்த உத்தரவும், 2002-ல் புதிய ஆலைகளுக்கு விதித்த கட்டுப்பாடும், 2016-ல் மத்திய அரசு வெளியிட்ட மரத் தொழில் வழிகாட்டு நெறிகளும் மர அறுவையை உரிமத்திற்குட்பட்ட தொழிலாக்கியுள்ளன. சொந்த மரத்தை அறுக்க அனுமதி எதற்கு என்று சிலர் வாதிக்கின்றனர். அவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால், விவசாயியின் மரத்தடிக்குச் செல்லும் யந்திரம் அரசாங்கக் காட்டின் மரத்தடிக்கும் செல்லக்கூடியதே என்பதை மறுக்க இயலாது. ஆதலால், கட்டுப்பாட்டை அகற்றுவதைவிட அதைத் தெளிவாக்குவதே தேவை. அறுக்கும் ஒவ்வொரு மரத்திற்கும் நில அளவை எண், இனம், சுற்றளவு, கன அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் குறித்து வைக்கும் சங்கத்திற்கு, ஒரு வட்டாரம் முழுவதற்கும் செல்லுபடியாகும் உரிமம் வழங்கலாம். விவசாய நிலங்களில் மரம் வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025-ல் வெளியிட்டது. அந்த முயற்சியின் தொடர்ச்சியாக இதையும் மாநிலங்கள் ஆராயலாம். அதுவரையில், முன்பணம் செலுத்துமுன் மாவட்ட வன அதிகாரியிடம் எழுத்து மூலம் விடை பெறுதல் அவசியம்.

செய்யத்தக்கது

யந்திரத்திற்கு மானியம் கோருவது எளிது. அதைவிட முந்தியது, வாள் தீட்டுவோரைப் பயிற்றுவது. 1906-ல் தோன்றிய டேராடூன் வன ஆராய்ச்சி நிலையமும், பெங்களூரிலுள்ள மர விஞ்ஞான தொழில்நுட்ப நிலையமும் இத்துறையில் அறிவுச் செல்வம் உடையவை. அந்த அறிவு குறுகிய காலப் பயிற்சியாகவும், படங்களுடன் கூடிய கையேடாகவும் மாநில மொழிகளில் கிராமத்தை அடைதல் வேண்டும். பல்லின் கோணத்தையும் சாய்வையும் விளக்கும் பக்கம், சாணையின் முன் நிற்பவர் படிக்கும் மொழியில் இல்லையெனில், எவ்வளவு சிறந்த யந்திரமும் சில மாதங்களில் கொட்டகையில் துருப்பிடிக்கும். மரம் மீண்டும் பழைய விலைக்கே விற்கப்படும்.