நூலில் ஒரு கல்லைக் கட்டுங்கள்!

பிள்ளைகள் 11-ம் வகுப்புக்குப் போகிறார்கள். இயற்பியல் புத்தகத்தில், "தனிச்சீரிசை இயக்கம்" என்று ஒரு பாடம் வருகிறது. பெயரைப் பார்த்ததுமே பலர் மிரண்டு போகிறார்கள். சூத்திரத்தை நெட்டுருப் போடுகிறார்கள். பரீட்சை முடிந்ததும் மறந்து விடுகிறார்கள். "இயற்பியல் நமக்கு வராது" என்று முடிவு கட்டி விடுகிறார்கள்.

குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. கண்ணால் பார்க்க வேண்டியதை, நாம் வாயால் ஒப்பிக்கச் சொல்கிறோம்.

இந்தப் பாடம் மரக்கிளையில் ஆடும் ஊஞ்சலிலேயே இருக்கிறது. ஊஞ்சலை இழுத்து விட்டால், அது நடுவுக்குத் திரும்புகிறது. வந்த வேகத்தில் மறுபக்கம் போய் விடுகிறது. மறுபடியும் நடுவுக்கு வருகிறது.

வீட்டிலேயே சோதனை

ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டி, ஆணியில் தொங்க விடுங்கள். ஆணியில் இருந்து கல்லின் நடுப்பகுதி வரை 1 மீட்டர் இருக்கட்டும். கல்லைச் சற்று இழுத்து விடுங்கள். போய்த் திரும்பி வந்தால், ஓர் ஆட்டம். இப்படி 10 ஆட்டம் எண்ணுங்கள். ஏறக்குறைய 20 விநாடி ஆகும்.

இன்னும் கொஞ்சம் அதிகமாக இழுத்து விடுங்கள். அப்போதும் 20 விநாடிதான்!

காரணம் என்ன? கல் எவ்வளவு விலகுகிறதோ, அந்த அளவுக்கு அதை நடுவுக்கு இழுக்கும் விசையும் கூடுகிறது. அதனால் கல் வேகமாக ஓடி, கூடுதல் தூரத்தையும் அதே நேரத்தில் கடந்து விடுகிறது. இதுதான் அந்தப் பாடத்தின் உயிர். (மிகவும் அதிகமாக இழுத்தால் மட்டும் நேரம் சற்றுக் கூடும்.)

கனமான கல்லைக் கட்டினாலும் நேரம் மாறாது. நீளத்தை மாற்றினால் மாறும். 1 மீட்டரை 25 சென்டிமீட்டர் ஆக்குங்கள். நீளம் கால் பங்கு, நேரமோ பாதி. 10 ஆட்டமும் 10 விநாடியில் முடிந்து விடும்!

கடிகாரம் பிறந்தது

இத்தாலி நாட்டு அறிஞர் கலிலியோ இந்த ஆட்டத்தை ஆராய்ந்தார். ஹாலந்து நாட்டு அறிஞர் ஹைகன்ஸ், 1656-ம் ஆண்டில் இதைக் கொண்டே ஊசல் கடிகாரத்தை உருவாக்கினார்.

இதைப் பார்க்கப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். 4-ம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம். பள்ளிக்கூடமே போகாத பாட்டியும் கூட உட்கார்ந்து எண்ணலாம்.

ஆசிரியர்களே! முதல் நாளே கரும்பலகையில் சூத்திரத்தை எழுத வேண்டாம். பிள்ளைகளின் கையில் நூலையும் கல்லையும் கொடுங்கள். சூத்திரம் பிறகு வரட்டும். அப்போது அது பயமுறுத்தாது.

பெற்றோர்களே! "எத்தனை மார்க்கு?" என்று கேட்பதற்கு முன்னால், "எத்தனை விநாடி?" என்று ஒரு நாளாவது கேட்டுப் பாருங்கள்.