உடலுக்கு ஒரு வாசல், மனத்துக்கு வேறு வாசலா?

எச்.ஐ.வி. என்றால் மரணம்தான் என்ற காலம் மலையேறிவிட்டது. 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் இந்தியாவில் இக்கிருமி இருப்பதை முதன்முதலாகக் கண்டறிந்தபோது, நோயாளிக்கு ஆறுதல் சொல்வதைத் தவிர மருத்துவர்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு. 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி, தமிழகம், மகாராஷ்டிரம் உள்ளிட்ட மாநிலங்களில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கியது. அதை நாள் தவறாமல் உட்கொள்பவர், மற்றவரைப் போலவே உழைத்துக் குடும்பம் நடத்தலாம்.

'நாள் தவறாமல்' என்பதில்தான் சிக்கலே இருக்கிறது. மனம் சோர்ந்து கிடப்பவருக்கு மாத்திரை கண்ணெதிரே இருந்தாலும் கை நீளாது. எச்.ஐ.வி. உள்ளவர்களிடையே மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகம்; மனச்சோர்வு உள்ளவர்கள் மருந்தை விட்டுவிடுவதும் அதிகம். மனநோய் உள்ளவர் ஒழுங்காக மருந்து சாப்பிடமாட்டார் என்று கைகழுவுவது தவறு. மனத்துக்கும் சிகிச்சை கிடைத்தால், அவரும் மாத்திரையை ஒழுங்காக உட்கொள்கிறார் என்பதே உலக அனுபவம்.

ஹிஞ்சேவாடியில் வேலை செய்யும் ஒரு தமிழ்த் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். கிருமிக்கு மருந்து வாங்க ஏ.ஆர்.டி. மையத்துக்கு ஒரு நாள் விடுப்பு. மனநோய்க்கு நகரின் மறுகோடியில் உள்ள ஏரவாடா மனநல மருத்துவமனைக்கு இன்னொரு நாள் விடுப்பு. இரண்டு நாள் கூலி போவதோடு தொல்லை தீரவில்லை. மூட்டை தூக்கிய வலியை அரைகுறை இந்தியில் சொல்லிவிடலாம். இரவெல்லாம் காதில் ஒலிக்கும் குரலைத் தாய்மொழியில்தானே சொல்ல முடியும்?

ஒரு மருத்துவர் தருவது மற்றவருக்குத் தெரியாமற் போனால் ஆபத்தும் உண்டு. வலிப்புக்கும் சிலவகை மனநோய்க்கும் தரப்படும் கார்பமசெபின், இன்று எச்.ஐ.வி.க்கு வழங்கப்படும் டோலுடெகிராவிர் மருந்தின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். சேர்த்துக் கொடுப்பதானால் அளவை மாற்ற வேண்டும். முன்பு பரவலாக வழங்கப்பட்ட எஃபவிரென்ஸ் மாத்திரை சிலருக்குக் கெட்ட கனவையும் மனக்குழப்பத்தையும் தந்தது. வாய்திறந்து சொல்லத் தெரியாதவர்கள் எத்தனை பேர் அதைப் பேசாமல் நிறுத்தியிருப்பார்களோ!

சட்டத்தில் குறையில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உடல் நோயாளிக்குச் சமமாக மனநோயாளியையும் நடத்தச் சொல்கிறது. அதே ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், சம்மதமின்றிச் சோதிப்பதையும், நோயை வெளியிடுவதையும், வேலையிலிருந்து விலக்குவதையும் தடுக்கிறது. இரண்டும் 2018-இல் நடைமுறைக்கு வந்தன.

புனே நகருக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. 1992-இல் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது போசரியில். நாட்டின் பெரிய மனநல மருத்துவமனைகளுள் ஒன்று இருப்பது ஏரவாடாவில். அறிவுக்குப் பஞ்சமில்லாத இந்நகரில், மாத்திரை வாங்க வரும் ஒவ்வொருவரிடமும் "தூக்கம் வருகிறதா? வாழ்க்கை வெறுத்துவிட்டதா?" என்று கேட்பது பெரிய காரியமா? மனநல மருத்துவர் ஒருவர் குறிப்பிட்ட நாட்களில் ஏ.ஆர்.டி. மையத்துக்கே வந்தால், தொழிலாளிக்கு ஒரு நாள் கூலியாவது மிஞ்சும்.

மொழிபெயர்க்க உள்ளூர்த் தமிழர்களை அழைக்கலாமே என்று தோன்றலாம். ஆனால் செய்தி ஊருக்குப் போய்விடுமோ என்று நோயாளி அஞ்சுவது இயற்கை. 2022-இல் தொடங்கிய 14416 என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையில் தமிழிலும் பேசலாம். முகம் காட்ட வேண்டியதில்லை. தமிழ்ச் சங்கங்கள் இந்த எண்ணைத் தங்கள் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கட்டும். நோயாளிகளும் இரண்டு மருந்துச் சீட்டுகளையும் இரு மருத்துவர்களிடமும் தயங்காமல் காட்டட்டும்.

மாத்திரையை இலவசமாகக் கொடுத்த அரசு, அதை விழுங்கும் மனத்தெம்பையும் கொடுத்தாக வேண்டும். இல்லையேல் செலவிட்ட பணமும் வீண், உயிரும் வீண்.