வெட்கத்தால் ஆறாத புண்

இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு மூலநோய் இருந்தது. அந்நிலையில் எவ்வாறு தொழுவது என்று நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். நின்று தொழுமாறும், இயலாவிட்டால் அமர்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் விடை கிடைத்தது. புகாரியில் பதிவாகியுள்ள இச்செய்தியை நோயாளியின் தொழுகைச் சட்டத்துக்காக எடுத்துரைக்கிறோம். அந்த நபித்தோழர் தம் நோயை மறைக்கவில்லை என்பதை ஏனோ கடந்துவிடுகிறோம்.

நம் வீடுகளில் இவ்வலியைச் சொல்வதில்லை. குறிப்பாகப் பிரசவித்த பெண்கள் மாதக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறார்கள். இதற்கு ஹயா என்று பெயர் சூட்டுவது தவறு. இரத்தம் கண்டால் மூலம் என்று தாமே முடிவுகட்டிக் கடையில் களிம்பு வாங்குவோரும் உளர். மலம் கழிக்கையில் கத்தியால் கீறியது போன்ற வலியும், பின்னர் நெடுநேரம் எரிச்சலும் இருந்தால் அது பெரும்பாலும் ஆசனவாய் வெடிப்பு.

இறுகிய மலம் உட்தோலைக் கிழிக்கிறது. வலியால் அங்குள்ள தசை இறுகி, இரத்த ஓட்டம் குறைந்து, புண் ஆறத் தாமதமாகிறது. வலிக்கு அஞ்சி அடக்கினால் மலம் மேலும் இறுகி மீண்டும் கிழிக்கும். மலசலத்தை அடக்கியவாறு தொழுவதையே தடுத்த மார்க்கம் நம்முடையது. வகுப்பில் அனுமதி கேட்கும் பிள்ளையை அமர்த்திவைக்கும் உஸ்தாதுகளுக்கும் இது பொருந்தும்.

வலி நின்றதும் பழைய உணவுக்குத் திரும்புவதே புண் திரும்பி வருவதற்குப் பெருங்காரணம். கீரை, காய்கறி, கொய்யா, போதிய நீர் ஆகியவை ஆறிய பின்னும் தொடர வேண்டும். இசப்கோல் உண்போர் நீரை மிகுதியாகப் பருக வேண்டும். ரமளானில் வடை, சமோசாவால் வயிற்றை நிரப்பாமல், இஃப்தார் முதல் ஸஹர் வரை சிறிது சிறிதாக நீர் அருந்துவது நலம். வெதுவெதுப்பான நீரில் 10 முதல் 15 நிமிடம் அமர்ந்தால் தசை தளரும். இஸ்திஞ்சாவில் சோப்பிட்டுத் தேய்ப்பது தூய்மையன்று, வஸ்வாஸ். மெல்லக் கழுவி, ஒற்றித் துடைத்தால் போதும்.

இரத்தம் கசிந்தால் மருத்துவரைக் காண்பதே முறை. வேறு நோயாகவும் இருக்கலாம். ஆறு வாரத்துக்கு மேல் ஆறாத வெடிப்புக்குத் தசையைத் தளர்த்தும் களிம்புகள் உண்டு. சிலருக்கே அறுவை சிகிச்சை தேவைப்படும். பெண் மருத்துவர் கிடைக்காவிடில், தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவரிடம் காட்ட மார்க்கத்தில் அனுமதியுண்டு. கணவரோ தாயோ உடன் செல்லட்டும்.