மறுபடியும் போடட்டும்

இந்த வாரமும் அந்தப் புகார் கடிதம் அச்சேறிவிட்டது. நாளிதழ் வேறு, எழுதியவர் வேறு; புகார் மட்டும் அதேதான். ரிமோட்டைக் கையில் எடுத்தால் ஐ.டி.வி.4-இல் ‘தி செயின்ட்’, இன்னொரு சானலில் ‘ஸ்டார் ட்ரெக்’, வார இறுதிப் பிற்பகலில் எங்காவது ஒரு கௌபாய் படம்; டி.வி. உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டு அரைத்த மாவையே அரைக்கிறார்களாம். 2025 ஏப்ரலில் 174.50 பவுண்டாக உயர்ந்த அந்தக் கட்டணத்திலிருந்து ஒரு பென்னிகூட ஐ.டி.வி.4-க்கோ பழைய படச் சானலான டாக்கிங் பிக்சர்ஸ் டி.வி.க்கோ போவதில்லை. அது கிடக்கட்டும். மறு ஒளிபரப்பு என்றாலே சோம்பேறித்தனம், பார்வையாளரை ஏய்க்கும் வேலை என்ற நினைப்புதான் எனக்குப் பொறுக்கவில்லை. பிரிட்டிஷ் தொலைக்காட்சி தன் கையாலேயே அழித்துக்கொண்ட படைப்புகளின் கதையைக் கொஞ்சம் கிளறினால், ஆழத்தில் இதே நினைப்புதான் உட்கார்ந்திருக்கிறது.

ஆரம்ப காலத்தில் மறு ஒளிபரப்பு என்றால் மறுபடியும் நடிப்பதுதான். 1954 டிசம்பர் 12, ஞாயிறு இரவு பிபிசி ஜார்ஜ் ஆர்வெலின் ‘1984’ நாவலை நேரடி நாடகமாக ஒளிபரப்பியது. நாடகமாக்கியவர் நைஜல் நீல், இயக்கியவர் ருடால்ஃப் கார்ட்டியர், நாயகன் பீட்டர் குஷிங். நாடாளுமன்றம் வரை சலசலப்பு. ஆனாலும் நான்கு நாள் கழித்து, வியாழக்கிழமை, நடிகர்கள் திரும்ப வந்து முழு நாடகத்தையும் முதலிலிருந்து நடித்தார்கள். அந்த இரண்டாவது தடவைதான் ஃபிலிமில் பதிவானது. ஞாயிற்றுக்கிழமை நடித்தது அன்றோடு போயிற்று. இன்று நாம் பார்க்கக் கிடைப்பது வியாழக்கிழமை நாடகம், அதாவது மறு ஒளிபரப்பு.

பிறகு வீடியோ டேப் வந்தது. இரண்டு அங்குல அகலம், எக்கச்சக்க விலை, அழித்துவிட்டுத் திரும்பப் பதிவு செய்யலாம். நடிகர் சங்கமான ஈக்விட்டியும் இசைக்கலைஞர் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தங்கள், ஒரு நிகழ்ச்சியை எத்தனை தடவை, எவ்வளவு காலத்துக்குள் திரும்பப் போடலாம் என்று இறுக்கமாக வரம்பு கட்டின. கெடு தாண்டினால் புதிதாகப் பேரம் பேச வேண்டும். வண்ணத் தொலைக்காட்சியும் வந்துவிட்ட பிறகு கறுப்பு வெள்ளை டேப்புக்கு என்ன மதிப்பு? திரும்பப் போட முடியாத பொருளுக்கு அலமாரியில் இடம் எதற்கு? பிபிசியின் காலப்பயணத் தொடரான ‘டாக்டர் ஹூ’வின் முதல் ஆறு ஆண்டுகளில் வந்த 253 எபிசோட்களில் தொண்ணூறுக்கும் மேற்பட்டவை இன்றைக்கு இல்லாமல் போனது இப்படித்தான். 1978 வாக்கில் அழிப்பதை ஒருவழியாக நிறுத்தினார்கள். அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய இரவில் பிபிசி ஸ்டூடியோவில் நடந்த ஒளிபரப்பின் பெரும்பகுதியே மிஞ்சவில்லை என்றால் மற்றதைச் சொல்லவேண்டியதில்லை.

அப்படிப் போனவற்றில் ஒன்றான ‘மார்கோ போலோ’வைப் பற்றி இந்தப் பத்தியில் முன்பும் எழுதியிருக்கிறேன்; இனியும் எழுதுவேன். 1964 பிப்ரவரி 22 முதல் ஏப்ரல் 4 வரை, ஏழு சனிக்கிழமைகளில் வந்த ‘டாக்டர் ஹூ’ கதை அது. மேற்கு லண்டன் லைம் குரோவ் ஸ்டூடியோவுக்குள் கோபி பாலைவனத்தையும் குப்ளாய் கானின் அரண்மனையையும் எழுப்பினார்கள். ஏழில் ஆறு எபிசோட்களை இயக்கியவர் வாரிஸ் ஹுசைன். லக்னோவில் பிறந்து சிறுவனாக இந்த நாட்டுக்கு வந்தவர். நாவலாசிரியர் அத்தியா ஹொசைனின் மகன். ‘டாக்டர் ஹூ’வின் முதல் கதையை இயக்கியவரும் இவர்தான், அதுவும் இருபத்தைந்து வயதுக்குள். ‘மார்கோ போலோ’வில் ஓர் எபிசோட்கூட மிஞ்சவில்லை. வேறு விதமாக மிஞ்சியவை இரண்டு. ஒன்று ஒலி: அன்று வீட்டில் டி.வி. முன்னால் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிந்துகொண்ட ரசிகர்களின் புண்ணியம். இன்னொன்று படங்கள். ஜான் கியூரா என்ற லண்டன் புகைப்படக்காரர், நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே டி.வி. திரையைப் படமெடுத்து, நடிகர்களுக்கும் இயக்குநர்களுக்கும் விற்றுப் பிழைத்தவர். எபிசோடுக்கு எழுபது எண்பது படம். வாரிஸ் ஹுசைன் தான் இயக்கிய ஆறுக்கும் வாங்கி வைத்திருந்தார். நான்காவதை இயக்கியவர் வேறொருவர் என்பதால் அதற்கு அவரிடம் படம் இல்லை. நிறுவனம் தூக்கிப் போட்டதை ஒருவரின் சொந்தச் சேகரிப்பு காப்பாற்றியது.

அந்தக் கதையில் பிங்-சோ என்ற பெண்ணாக நடித்தவர் பர்மாவில் பிறந்த ஜீனியா மெர்ட்டன். அவர் அதில் எப்படி நடந்தார், எப்படித் திரும்பிப் பார்த்தார் என்பதை இன்று யாராலும் பார்க்க முடியாது. ஆனால் அதே ஜீனியா மெர்ட்டனை ‘ஸ்பேஸ்: 1999’ தொடரில் சாண்ட்ரா பெனஸாக, முகத்தின் சின்ன அசைவுவரை துல்லியமாகப் பார்க்கலாம். லூ கிரேடின் ஐ.டி.சி. நிறுவனத்துக்காக பைன்வுட் ஸ்டூடியோவில் 35 மி.மீ. ஃபிலிமில் எடுத்த தொடர் அது. அமெரிக்காவுக்கு விற்க வேண்டும், பல நாடுகளில் பல தடவை ஓட வேண்டும் என்று முதலிலேயே கணக்குப் போட்டார்கள். ‘தி செயின்ட்’, ‘டேஞ்சர் மேன்’, ‘தி சாம்பியன்ஸ்’ பிழைத்திருப்பதற்கும் அந்தக் கணக்கே காரணம். ‘தி அவெஞ்சர்ஸ்’ ஒரே தொடருக்குள் இதைக் காட்டிவிடுகிறது: 1961-இல் வந்த முதல் வரிசையில் மிஞ்சியது சொற்பம், 1965-இல் அமெரிக்கச் சந்தைக்காக ஃபிலிமுக்கு மாறிய பின் எடுத்தது அத்தனையும் பத்திரம். ‘டாக்டர் ஹூ’விலும் மீண்டவற்றில் பல, வெளிநாட்டு ஒளிபரப்புக்குப் போன பிரதிகள்தான்: 1992-இல் ஹாங்காங்கிலிருந்து ஒரு முழுக் கதை, 2013-இல் நைஜீரியாவின் ஜோஸ் நகரிலிருந்து ஒன்பது எபிசோட்கள். மறுபடியும் காட்டுவதற்கென்று அனுப்பியதே திரும்பி வந்தது.

மறு ஒளிபரப்புக்கு வரம்பு வேண்டும் என்று சங்கங்கள் கேட்டதில் நியாயம் இல்லையா? இருந்தது. பழையதையே ஓட்டினால் புது நாடகத்துக்கு நடிகரைக் கூப்பிடமாட்டார்கள் என்ற பயம் வயிற்றுப்பாட்டுப் பயம். ஆனால் அதற்கு மருந்து தடையல்ல, கூலி. அமெரிக்கத் திரை நடிகர் சங்கம் 1950-களிலேயே மறு ஒளிபரப்புக்குத் தனிப் பணம் கேட்டு வாங்கியது. ஓடும்போதெல்லாம் நடிகருக்குக் காசு வரும் என்றால், படச்சுருள் பத்திரமாக இருக்கவேண்டும் என்று அவரே காவல் நிற்பார். காப்பகத்தில் வைத்தால் போதாதா, வேண்டியவர் இணையத்தில் பார்த்துக்கொள்ளட்டுமே என்பது இன்னொரு வாதம். 2023 நவம்பரில் பிபிசி ஐபிளேயரில் 800-க்கும் மேற்பட்ட ‘டாக்டர் ஹூ’ எபிசோட்களை ஏற்றினார்கள். உரிமைத் தகராறால் விடுபட்டுப்போனது, வாரிஸ் ஹுசைன் இயக்கிய அந்த முதல் கதையேதான். பெயர் தெரிந்தவர்தான் இணையத்தில் தேடுவார்; தெரியாதவருக்குச் சானலில் தற்செயலாக வந்து நிற்கும் படமே அறிமுகம். பழைய தொடர்களில் இருக்கும் இனவாதத்தைச் சொல்பவர்களின் வாதம்தான் கனமானது. 1977-இல் வந்த ‘டாக்டர் ஹூ’ கதையான ‘தி டாலன்ஸ் ஆஃப் வெங்-சியாங்’கில் வெள்ளைக்கார நடிகர் மேக்கப் போட்டுச் சீனராக வருகிறார். ‘மார்கோ போலோ’விலேயே குப்ளாய் கானாக நடித்தவர் ஓர் ஐரோப்பியர். முன்னால் ஓர் எச்சரிக்கை வாசகத்துடன் காட்டட்டும். இந்த லண்டன் நகரத்தில் நம்மைப் போன்றவர்களைத் திரை எப்படிப் பார்த்தது என்பதற்குச் சாட்சி அது. அழித்துவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று சாதிப்பவர்களுக்குத்தான் வசதி.

நம் தமிழ் வீடுகளில் மட்டும் என்ன வாழ்கிறது? “இந்தப் பழைய படந்தானா, மாத்து” என்பது லண்டனின் ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் கேட்கிற குரல்தான். 1931 அக்டோபர் 31-இல் வெளியான முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’ இன்று கிடையாது. அதில் நடித்த டி.பி. ராஜலட்சுமியே 1936-இல் இயக்கிய ‘மிஸ் கமலா’வும் கிடையாது. ஓடி முடிந்த படம் அந்தக் காலத்தில் செத்த சரக்கு. தொலைக்காட்சி வந்த பிறகுதான் பழைய பிரதிக்கு ஒரு விலை பிறந்தது. வேற்றுக்கிரகவாசி பூமிக்கு வரும் எம்.ஜி.ஆரின் ‘கலை அரசி’யும் (1963), கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறிய ‘கங்கா’வும் (1972) அவற்றைத் தியேட்டரில் பார்க்க வாய்க்காத தலைமுறைக்குத் தெரிந்ததே அப்படித்தான். அச்சிலும் இதே கதை: 1962-இல் லண்டன் ‘வேலியன்ட்’ வார இதழில் பிறந்த இரும்புக்கை மாயாவி, 1972-இல் முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்து, மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்பாக இன்னும் நடமாடுகிறான்.

ஆகவே தமிழ்ச் சானல்காரர்களிடம் ஒரு கோரிக்கை. பழைய படத்தை நடுநிசிக்குத் தள்ளாமல் மனிதர் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். விளம்பரத்துக்கு இடம் பண்ண ஆரம்பப் பெயர்ப்பட்டியலை வெட்டாதீர்கள். ஒளிப்பதிவாளர், கலை இயக்குநர், சண்டைப் பயிற்சியாளர் என்று அதில் ஓடுகிற பெயர்களில் பல வேறெங்கும் அச்சாகாதவை.