‘ஆற்றை பெடியன்?’ என்று கேட்காத ஓர் அறை

யாழ்ப்பாணத்தவர் புதிதாக ஒருவரைக் கண்டால் பெயரைக் கேட்பதற்கு முன்னர் ‘ஆற்றை பெடியன்?’ என்று கேட்பது வழக்கம். ஊர், குறிச்சி, தகப்பனின் தொழில், வாய்விட்டுக் கேட்கப்படாத சாதி ஆகிய அனைத்தும் அவ்விரு சொற்களுக்குள் அடங்கிவிடும். போதைப்பொருளிலிருந்து மீள விரும்பும் ஒரு தமிழ் இளைஞன் வைத்தியரிடம் போனாலும், மதகுருவிடம் போனாலும், பொலிஸ் நிலையத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டாலும் இக்கேள்விக்கே முதலில் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. அதைக் கேட்காத ஓர் இடம் அவனுக்குக் கிடைக்க வேண்டும் என்பதே என் வாதம்.

அப்படிப்பட்ட இடங்கள் உலகில் உண்டு. 1935இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து அக்ரன் நகரில் இரண்டு குடிகாரர்கள் ஒருவரையொருவர் சந்தித்துப் பேசியதிலிருந்து ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’ தோன்றியது. அதன் வழியில் 1953இல் கலிபோர்னியாவில் ‘நார்க்கோட்டிக்ஸ் அனொனிமஸ்’ உருவானது. அனொனிமஸ் என்றால் பெயர் சொல்லாதவர். போதைக்கு அடிமையானவர்கள் ஓரிடத்தில் கூடினாலே பொலிஸாரின் சந்தேகத்துக்கு ஆளான காலம் அது. பெயரை மறைத்தது அவர்களுக்கு ஓர் அலங்காரம் அன்று, உயிர்த்தேவை.

கூட்டத்தில் நடப்பது மிக எளிமையானது. ஒரு மண்டபத்தில் பத்துப் பதினைந்து கதிரைகள் போடப்பட்டிருக்கும். ஒருவர் தாம் எப்படி வீழ்ந்தார், எப்படி எழுந்தார் என்று சொல்வார். மற்றவர்கள் குறுக்கிடாமல் கேட்பார்கள். வைத்தியரோ, பாதிரியாரோ, அதிகாரியோ தலைமை தாங்குவதில்லை. அனுமதிக் கட்டணம் கிடையாது. விரும்பிய உறுப்பினர் செலவுக்கென்று ஏதாவது போடலாம். போதையை நிறுத்தவேண்டும் என்ற விருப்பம் ஒன்றே தகுதி. முதல்முறை செல்பவர் வாய் திறக்காமல் இருந்துவிட்டும் வரலாம். நார்க்கோட்டிக்ஸ் அனொனிமஸில் புதியவருக்கு வெள்ளைநிறச் சாவிப்பட்டி ஒன்று கொடுக்கப்படும். சில மாதங்கள் விலகியிருந்து மீண்டும் வழுக்கியவர் திரும்பி வந்தால் அதே வெள்ளைப்பட்டியை மறுபடியும் கேட்டு வாங்கலாம். ஏன் விழுந்தாய் என்று விசாரணை இல்லை. எங்கள் வீடுகளில் இரண்டாம் முறை வழுக்கிய பிள்ளைக்கு என்ன நடக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள்.

இதற்கு மாற்றாக எங்கள் அரசு வைத்திருப்பது ‘புனர்வாழ்வு’. 2009இன் பின்னர் இச்சொல் தமிழர் காதில் எப்படி ஒலிக்கிறது என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. முன்னாள் போராளிகளுக்கென அமைக்கப்பட்ட அதே பணியகமும் அதே படையினருமே பின்னர் போதைப்பாவனையாளரையும் பொறுப்பேற்றனர். நீதிமன்ற உத்தரவின் பேரில் ஒருவரைக் கட்டாய சிகிச்சைக்கு அனுப்ப 2007ஆம் ஆண்டின் சட்டம் இடமளிக்கிறது. பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தகாடு முகாமில் 2022 ஜூன் மாத இறுதியில் ஒருவர் உயிரிழந்ததையடுத்து நூற்றுக்கணக்கானோர் வேலியை உடைத்துக்கொண்டு ஓடினர். படையினர் சிலர் கைதுசெய்யப்பட்டனர். அதன் பின்னரும், 2023 ஜனவரியில், புனர்வாழ்வுப் பணியகத்துக்கெனத் தனிச்சட்டம் நிறைவேறியது. கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடிவிடுமாறு ஐ.நா. அமைப்புகள் 12 கூட்டாகக் கோரியதோ 2012இல்!

பூட்டிவைப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சில மாதங்கள் ஹெரோயின் தொடாதிருக்கும் உடல் அதைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. வெளியே வந்து பழைய அளவையே எடுப்பவன் இறந்துபோகலாம். விடுதலையான முதல் வாரங்களில் அவனுக்கு வேண்டியது தொலைபேசியில் உடனே அழைக்கக்கூடிய, அதே பாதையால் வந்த ஒரு மனிதன். முகாம் அவனைக் கொடுப்பதில்லை, கூட்டம் கொடுக்கும். மூத்த உறுப்பினர் ஒருவரைத் துணையாகத் தேர்ந்துகொள்வது அங்குள்ள வழக்கம்.

இனி எனது தொழிலைப் பற்றியும் சொல்லவேண்டும். அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் 1950இல் ஏற்றுக்கொண்ட பன்னிரண்டு மரபுகளில் பதினொன்றாவது, பத்திரிகையிலும் வானொலியிலும் திரைப்படத்திலும் உறுப்பினரின் அடையாளம் வெளிவரலாகாது என்கிறது. எங்கள் பத்திரிகைகளோ, சில நூறு மில்லிகிராம் தூளுடன் பிடிபட்ட இருபது வயதுப் பையனின் ஊரையும் வீதியையும் முதற்பக்கத்தில் அச்சிடுகின்றன. 2023 டிசம்பர் 17இல் ‘யுக்திய’ நடவடிக்கை தொடங்கியபோது தொலைக்காட்சிக் கமராக்கள் பொலிஸாருடன் வீடுகளுக்குள் நுழைந்தன. ஒரு மாதத்துக்குள் ஏறத்தாழ 29,000 பேர் கைதானதாக ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் கூறியது. நடுங்கிக்கொண்டு நிற்கும் ஒருவனின் முகத்தைக் காட்டுவதில் என்ன செய்தி இருக்கிறது? கடத்தல்காரனின் முகத்தைக் காட்டுங்கள், கைதட்டுகிறேன். பாவனையாளனின் முகத்தைக் காட்டினால் அதைப் பார்த்த இன்னும் நூறு பேர் தங்கள் நோயை ஆழமாக ஒளித்துக்கொள்கிறார்கள். ஆசிரியபீடங்களில் இருப்போர் இதைத் தெரியாதவர்கள் அல்லர்.

இது வெள்ளைக்காரரின் வழக்கம், எங்கள் சனம் ஊரார் முன்னால் வாய் திறக்காது என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். சென்னையில் தமிழிலேயே இக்கூட்டங்கள் நடக்கின்றன என்பது அவர்களுக்கான பதில். கணவரைக் குடியால் இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் அந்நகரில் தொடங்கிய சிகிச்சை நிலையம் தமிழ்க் குடும்பங்கள் வாய் திறக்கும் என்பதைக் காட்டி எத்தனையோ ஆண்டுகளாயிற்று. கடவுள் பற்றிய பேச்சு வருகிறதே என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. பன்னிரண்டு படிகளில் அது இருக்கத்தான் செய்கிறது. பிடிக்காதவர்களுக்கு 1994இல் தொடங்கிய ‘ஸ்மார்ட் ரிக்கவரி’ போன்ற, கடவுளைத் தொடாத குழுக்கள் இருக்கின்றன. மருந்துக்கு மாற்றாகக் கூட்டத்தைக் கொள்வதுதான் உண்மையான தவறு. நெடுங்காலக் குடியை ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதை வைத்தியரின் கண்காணிப்பிலேயே செய்யவேண்டும். ஹெரோயினுக்கு மெதடோன், புப்ரனோர்பின் ஆகிய மருந்துகள் உயிர் காக்கின்றன. அம்மருந்தை எடுப்பவரை இன்னும் ‘சுத்தமாகாதவர்’ என்று ஒதுக்கும் குழுவை நீங்கள் சந்தித்தால் அங்கிருந்து எழுந்து வேறு குழுவுக்குச் செல்லுங்கள்.

மதுவைப் பொறுத்தவரை சான்றும் உண்டு. 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளை 2020இல் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு, இக்கூட்டங்களுக்கு வழிகாட்டும் சிகிச்சை தொடர்ந்து குடியாதிருப்பதில் ஏனைய சிகிச்சைகளைவிடக் குறையவில்லை, பல வேளைகளில் விஞ்சியது என்றே கண்டது. ஏனைய போதைப்பொருட்களுக்கு அத்தகைய உறுதியான சான்று இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் வாழும் வாசகர்களுக்குத் தேடுவது இலகு. இவ்வமைப்புகளின் இணையத்தளங்களில் நாள், நேரம், இடம் யாவும் உள்ளன. ‘திறந்த கூட்டம்’ என்று குறிக்கப்பட்டிருந்தால் தாயும் தகப்பனும்கூடப் போய் அமரலாம். ‘மூடிய கூட்டம்’ பாவனையாளருக்கு மட்டும். 2020இன் பெருந்தொற்றுக்குப் பின் இணையவழிக் கூட்டங்களும் பெருகியுள்ளன. ஒரு கூட்டம் ஒத்துவராவிட்டால் இன்னொன்றுக்குப் போங்கள். ஒருமுறை போய்விட்டுச் சரிவராது என்று முடிவுகட்ட வேண்டாம். குடும்பத்தினருக்கு ‘அல்-அனொன்’, ‘நார்-அனொன்’ என்ற தனிக் குழுக்கள் உண்டு. ஆனால் அரைகுறை ஆங்கிலம் பேசும் ஒரு தாய் அங்கு போய் என்ன சொல்வாள்? தமிழில் அழவேண்டியதை ஆங்கிலத்தில் அழமுடியாது.

ஊரிலோ என்னைத் தேடிவரும் பெற்றோர் எந்த முகாமுக்கு அனுப்பலாம் என்றே கேட்கிறார்கள். கூட்டம் எங்கே நடக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. அப்படியொன்று இருக்கலாம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. கூட்டம் தொடங்க அரசின் அனுமதியோ நன்கொடையோ வேண்டாம். விடுபட்டவர் இருவரும் வாரத்தில் ஒரு மணிநேரத்துக்கு ஓர் அறையும் போதும். சனசமூக நிலையங்கள், வாசிகசாலைகள், பங்கு மண்டபங்கள், கோயில் அன்னதான மடங்கள் என்று வடக்கில் அறைகளுக்குப் பஞ்சமில்லை. புலம்பெயர்ந்தோரின் காசில் எழுந்த மண்டபங்கள் திருவிழாவும் கலியாணமும் இல்லாத நாட்களில் பூட்டிக் கிடக்கின்றன. கட்டியவர்கள் பலர் இப்பதிவை வாசிக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமை மாலை ஒரு மணிநேரம் அதைத் திறந்துவிடுமாறு உங்கள் ஊர்ப் பரிபாலன சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வருபவர்களின் பெயர்ப்பட்டியல் வேண்டும் என்று சபை கேட்குமாயின், தரமுடியாது என்பதையும் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.